400 ஹார்ஸ்பவருக்கு எந்தக் கிளட்ச் பிளேட்?

டைனோவில் (வண்டியை ஒரே இடத்தில் ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) நாலாவது கியரைப் போட்டு, 2,500 ஆர்பிஎம்மிலிருந்து 6,800 வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து இழுத்துப் பார்த்தாயிற்று. லாக்கில், அதாவது ஓடும்போது பதிவான எண்களில், ஆர்பிஎம்மையும் வேகத்தையும் எதிரெதிரே வைத்து வரைந்தால் கோடு எங்கேயும் வளையவில்லை. கிளட்ச் நழுவவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதற்கு முன் வேறொரு பிளேட்டை மாட்டி, கொஞ்ச காலம் ஓட்டி, கழற்றியும் ஆயிற்று. எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன், எங்கெங்கே அளந்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி பின்சக்கர இழுவை. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், எடை சுமார் 1,350 கிலோ. கம்பெனியிலிருந்து வந்தபோது டார்க், அதாவது சுழற்றும் விசை, 275 நியூட்டன் மீட்டர். பெரிய டர்போ, இன்ஜெக்டர், இன்டர்கூலர் எல்லாம் மாட்டி டியூன் செய்த பிறகு 6,500 ஆர்பிஎம்மில் 400 ஹார்ஸ்பவர், 4,300-இல் 480 நியூட்டன் மீட்டர். தினசரி ஓட்டம்தான் அதிகம், எப்போதாவது டிராக்.

டியூன் முடிந்த அன்றே கம்பெனி கிளட்ச் நழுவியது. நழுவிய இடத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்ஸ்பவர் உச்சத்தில் இருக்கும் 6,500-இல் ஒன்றும் ஆகவில்லை. டார்க் உச்சத்தைத் தொடும் 4,000-க்கும் 4,700-க்கும் நடுவில்தான் ஆர்பிஎம் முள் தனியாக ஓடியது. அதுவும் நாலாவது, ஐந்தாவது கியரில்தான். முதல் கியரில் அவ்வளவு டார்க் முழுதாகக் கிளட்ச்சுக்கு வருவதற்கு முன்பே பின் டயர் சுற்றிவிடும், அதனால் அங்கே குறை தெரியாது. என் வண்டியில் நாலாவது கியர் நேர் விகிதம், டிஃபரென்ஷியல் 3.7, டயர் சுற்றளவு 1.98 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 31 ஆர்பிஎம் வர வேண்டும். 135 கி.மீ. வேகத்தில் 4,200 இருக்க வேண்டிய இடத்தில் லாக் 4,700 காட்டியது. மூக்குக்கு வாசனை எட்டும் முன்பே லாக்கில் இது தெரிந்துவிடும். யாராவது "கிளட்ச் லேசாக நழுவுகிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் முதலில் இந்தக் கோட்டைத்தான் வரையச் சொல்வேன்.

அப்புறம் கடை கடையாகப் பட்டியல் பார்க்க ஆரம்பித்தேன். பாதிப் பெட்டிகளில் "500 ஹார்ஸ்பவர் தாங்கும்" என்று போட்டிருக்கிறது. கிளட்ச்சுக்கு ஹார்ஸ்பவர் என்றால் என்னவென்றே தெரியாது. 400 ஹார்ஸ்பவரை 7,500 ஆர்பிஎம்மில் எடுக்கிற எஞ்சின் அந்த இடத்தில் தருவது சுமார் 375 நியூட்டன் மீட்டர். அதே 400-ஐ 4,000-இல் எடுக்கிற டீசல் 700-ஐத் தருகிறது. இரண்டுக்கும் ஒரே பிளேட் பொருந்துமா? டார்க் எண் போடாத பெட்டியை நான் திருப்பி வைத்துவிட்டேன்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வு எண், கவர் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல்மேல் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் மூடி) கொடுக்கும் அழுத்துவிசை, பிளேட்டின் சராசரி ஆரம், நான்கையும் பெருக்கினால் தாங்கும் டார்க் வந்துவிடும். என் கம்பெனி பிளேட் வெளி விட்டம் 240 மி.மீ., லைனிங்கின் (பிளேட்டின் மேல் உராயும் பட்டை) உள் விட்டம் 155. சராசரி ஆரம் 98.75 மி.மீ. ஒற்றைப் பிளேட் என்பதால் பரப்பு இரண்டு. சாதாரண ஆர்கானிக் லைனிங்குக்கு உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொள்ளலாம். கவர் 650 கிலோ அழுத்தம், அதாவது சுமார் 6,377 நியூட்டன். பெருக்கினால் 378 நியூட்டன் மீட்டர். கம்பெனி எஞ்சினின் 275-க்கு அது தாராளம், என் 480-க்கு அது போதாது. 25 சதவீதம் கையிருப்பு வேண்டுமென்றால் இலக்கு 600.

அந்த 25 சதவீதம் ஏன் 80 சதவீதமாக இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. கிளட்ச் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் கடித்துப் பிடித்தால், சட்டென்று பெடலை விடும்போது வரும் அடி முழுவதும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் போகும். கிளட்ச் பிளேட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. பல் போன கியர்பாக்ஸ் அப்படி இல்லை.

600-க்குப் போக வழிகள் இவ்வளவுதான்: உராய்வு எண்ணைக் கூட்டு, அழுத்தத்தைக் கூட்டு, பிளேட்டை இரண்டாக்கு. ஆரத்தைக் கூட்ட, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இடமில்லை.

முதலில் போனது உராய்வு எண் வழி. முழு வட்ட லைனிங்குக்குப் பதில் ஆறு பக் (தனித்தனி உராய்வுத் துண்டு) வைத்த செராமிக் பிளேட், கூடவே 750 கிலோ கவர். உராய்வு எண் 0.42 என்று தாளில் இருந்தது. பெருக்கினால் 610. பெடல் கனம் அதிகம் ஏறாது, விலையும் மற்ற வழிகளைவிடக் குறைவு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பாதிக்குமேல் காலியாக இருக்கே, இது எப்படி அதிகம் பிடிக்கும்?" பிடிப்புக் கணக்கில் பரப்பளவே கிடையாது. பரப்பு குறைந்தால் அதே அழுத்தம் சின்ன இடத்தில் விழுகிறது, அவ்வளவே. பரப்பளவு வேலைக்கு வருவது சூட்டிலும் தேய்மானத்திலும்.

பிடித்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, டைனோவில் துளி நழுவவில்லை. கியர் மாற்றமும் சுறுசுறுப்பானது, ஏனென்றால் பிளேட் எடை குறைவு, கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோவுக்கு வேலை குறைவு. சிக்கல் நகரத்துக்குள் வந்ததும் ஆரம்பித்தது. சாதாரண பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். பெடலை விடும்போது அது மெல்ல அமுங்குவதால்தான் வண்டி வழுக்கிக்கொண்டு நகர்கிறது. இந்த பக் பிளேட்டில் அது கிடையாது. பெடல் பயணத்தில் பிடிக்கும் இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது வண்டி உதறும். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது தனி அவஸ்தை. நடுமையத்தில் சுருள் ஸ்பிரிங் இருக்கும் வகையைத்தான் வாங்கியிருந்தேன், அது கியர்பாக்ஸ் சத்தத்தைக் குறைத்ததே தவிர இந்த உதறலுக்கு உதவவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்கிற ஸ்பிரிங்குகள். கடையில் "ஸ்பிரிங் வைத்தது, ஸ்மூத்தாக இருக்கும்" என்று சொன்னால் எந்த ஸ்பிரிங் என்று கேளுங்கள்.

உதறல் அடங்காமல், போதாக்குறைக்கு ரிலீஸ் பேரிங்கும் (பெடலை மிதிக்கும்போது கவரைத் தள்ளி விடுவிப்பது) முனக ஆரம்பித்ததால் கியர்பாக்ஸை இறக்கினேன். பக் லைனிங் புதிது போலவே இருந்தது. ஃப்ளைவீல்தான் பாவம். பக் ஓடிய பட்டை விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம், ஆங்காங்கே நீலப் புள்ளிகள். செராமிக் தான் தேயாமல் எதிரில் இருப்பதைத் தேய்க்கும். பிளேட் விலையில் மிச்சம் பிடித்ததை ஃப்ளைவீல் சாப்பிட்டுவிட்டது.

சரி, அடுத்தது எது? மேசையில் மூன்று வழி இருந்தது.

ட்வின் பிளேட் மனசை இழுத்தது. 200 மி.மீ. பிளேட் இரண்டு, உராயும் பரப்பு நான்கு. சராசரி ஆரம் 82.5-க்கு இறங்கினாலும், பழைய 650 கிலோ அழுத்தத்திலேயே, வெறும் ஆர்கானிக்கிலேயே 630 வருகிறது. பெடல் கம்பெனி பெடல் மாதிரியே இருக்கும். ஆனால் ஃப்ளைவீலோடு சேர்த்து மொத்தமாகத்தான் வாங்க வேண்டும், ஒற்றைப் பிளேட் செட்டைவிடப் பல மடங்கு செலவு. பெடலை மிதித்து நிற்கும்போது நடுத்தகடு கடகடவென்று ஆடும் சத்தம் வேறு. டார்க் 550-ஐத் தாண்டினால் யோசிக்கலாம் என்று ஓரம் கட்டினேன்.

அராமிட், அதாவது கெவ்லார் லைனிங். முழு வட்டம், ஸ்பிரிங் தகடு உண்டு, ஆயுள் அதிகம், ஃப்ளைவீலைக் கடிக்காது. ஆனால் உராய்வு எண் ஆர்கானிக்கைவிடப் பெரிதாக மேலே இல்லை, ஆகவே கவர் எப்படியும் கனமாகத்தான் வேண்டும். ஓட்டிப் பழக்கும் காலத்தில் ஒரு தடவை சூடேற்றிவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி போட்டு நழுவும் என்பது அதன் பெயர்போன குணம்.

மூன்றாவது, கனரக ஆர்கானிக் லைனிங், உள்ளே தகட்டு முதுகு வைத்தது, 1,000 கிலோ கவரோடு. உராய்வு எண் 0.32. பெருக்கினால் 620. இதைத்தான் எடுத்தேன். என் கட்சி இப்போது இதுதான்: தேவையான டார்க்கைத் தாங்குகிற பிளேட்டுகளில் எதன் உராய்வு எண் குறைவோ அதை வாங்க வேண்டும். மிச்சத்தைக் கவர் பார்த்துக்கொள்ளட்டும். கவரின் கனத்தை இடது கால் தாங்கிக்கொள்ளும், உதறலை யாராலும் பழகிக்கொள்ள முடியாது.

டிராக்கில் நின்ற இடத்திலிருந்து ஆவேசமாகக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கட்சி பொருந்தாது. ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை நழுவவிட்டு 40 கி.மீ. வேகத்துக்கு இந்த 1,350 கிலோவை எடுத்துப்போனால், வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் சுமார் 83 கிலோஜூல். ஏறக்குறைய அதே அளவு கிளட்ச்சில் சூடாக விழும். ஒரு தடவை என்றால் ஃப்ளைவீலும், கவருக்குள் இருக்கும் அழுத்துத் தகடான பிரஷர் பிளேட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். அடுத்தடுத்து என்றால் ஆர்கானிக் லைனிங்கின் பிடி சூட்டில் இளகும், அங்கே செராமிக்கும் சின்ட்டர்டு இரும்பும்தான் நிற்கும். எடை குறைந்த ஃப்ளைவீல் மாட்டியவர்களுக்குச் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் குறைவு. நான் 8 கிலோ கம்பெனி ஃப்ளைவீலையே வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வேலை. முதலில் ஃப்ளைவீல். நீலப் புள்ளி விழுந்த இடம் சூட்டில் கடினமாகியிருக்கும். லேத்தில் வைத்தால் டூல் அந்தப் புள்ளிமேல் ஏறி இறங்கி மேடு விட்டுவிடும், அதனால் கிரைண்டிங்தான் செய்ய வேண்டும். கொடுக்கும் முன் டெப்த் வெர்னியரால் ஒரு அளவு எடுத்து வைத்தேன். என் ஃப்ளைவீல் குழி வகை: கவர் உட்காரும் விளிம்பு உயரமாகவும், பிளேட் உராயும் முகம் பள்ளமாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள படி நான்கு இடத்திலும் 22.0 மி.மீ.

பட்டறையிலிருந்து முகம் பளபளவென்று வந்தது. அளந்தால் படி 22.4. உராயும் முகத்தை மட்டும் 0.4 மி.மீ. எடுத்துவிட்டு விளிம்பைத் தொடவே இல்லை. பார்வைக்குக் குறை கிடையாது, மாட்டினாலும் வண்டி ஓடும். ஆனால் கவர் அந்த 0.4-ஐ லைனிங் தேய்மானமாகத்தான் எடுத்துக்கொள்ளும். புதுப் பிளேட்டை ஏற்கெனவே அவ்வளவு தேய்ந்த பிளேட்டாக மாட்டுவதற்குச் சமம். டயாஃப்ரம் (தட்டு வடிவ ஸ்பிரிங்) கவரின் அழுத்தம் பிளேட் தேயத் தேய முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு சரியும். அந்தச் சரிவு 0.4 மி.மீ. முன்னதாகவே வந்துவிடும். கணக்கில் போட்ட 1,000 கிலோவுக்கு அப்புறம் என்ன அர்த்தம்? திருப்பிக் கொடுத்து விளிம்பிலும் அதே அளவு எடுக்கச் சொன்னேன். படி 22.0-க்குத் திரும்பியது. எல்லா ஃப்ளைவீலும் குழி வகை இல்லை. தட்டையாக இருப்பதில் முழு முகமும் ஒன்றாகத்தான் போகும், அங்கே ரிலீஸ் பேரிங் தள்ள வேண்டிய தூரம் மட்டும் மாறும்.

ஃப்ளைவீலைப் புது போல்ட்டோடு எஞ்சினில் ஏற்றி டயல் கேஜ் வைத்தேன். சுற்றும்போது ஃப்ளைவீலை ஒரே பக்கமாக உள்ளே அமுக்கிக்கொண்டே சுற்ற வேண்டும், இல்லையென்றால் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் ஆடுவதும் சேர்ந்து முள்ளில் காட்டும். முகக் கோணல் 0.05 மி.மீ., நிம்மதி. டயல் கேஜ் அங்கேயே இருந்ததால் கிராங்கின் முன்பின் ஆட்டத்தையும் அளந்தேன்: 0.13 மி.மீ. கனமான கவர் போடுகிறவர்கள் இந்த எண்ணை எழுதி வைக்காமல் கியர்பாக்ஸை ஏற்றவே கூடாது. ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் அந்த விசை, கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மேல்தான் விழுகிறது.

பிளேட்டை முதலில் இன்புட் ஷாஃப்ட்டில் போட்டுப் பார்த்தேன். ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் நீளவாட்டுப் பல்) எண்ணிக்கை சரி, தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. பிறகு ஷாஃப்ட்டிலேயே சுற்றி விளிம்புக் கோணல் பார்த்ததில் அரை மி.மீ.-க்குள். அடுத்து, "ஃப்ளைவீல் பக்கம்" என்று எழுதியிருந்த பக்கத்தில் மையத்து ஸ்பிரிங் கூடு கொஞ்சம் புடைத்திருந்தது, புது ஃப்ளைவீல் போல்ட்டின் தலையோ பழையதைவிடத் தடிமன். உரசுமா உரசாதா என்று கண்ணால் சொல்ல முடியாது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை நான்கு போல்ட் தலைகளில் ஒட்டி, பிளேட்டையும் கவரையும் இறுக்கி, கழற்றி, களிமண்ணின் தடிமனை வெர்னியரால் அளந்தேன். மிகக் குறைந்த இடத்தில் 2.1 மி.மீ. போதும்.

பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல் மூன்றும் புதிது. மூன்றும் சேர்ந்தாலும் கவர் விலையில் சிறு பகுதிதான், ஆனால் எதை மிச்சம் பிடித்தாலும் திரும்ப கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஸ்பிளைனில் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவி, பிளேட்டை ஏற்றி இறக்கி, வெளியே வழிந்ததைத் துடைத்தேன். ஃப்ளைவீல் முகத்தையும் பிரஷர் பிளேட் முகத்தையும் பிரேக் கிளீனரால் துணி வெள்ளையாக வரும் வரை துடைத்தேன். கவர் வரும்போதே துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவித்தான் வருகிறது, அதைத் துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே லைனிங் குடித்துவிடும்.

கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்க வேண்டும். 1,000 கிலோ கவரை ஒரு பக்கமாக இறுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய பட்டைத் தகடுகள் கோணிவிடும். எட்டாம் எண் போல்ட், டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர். சென்டரிங் ராட் கடைசி வரை விரலால் சுற்றி இழுக்கும்படி சுலபமாக வந்தது, அதனால் கியர்பாக்ஸும் முரண்டு பிடிக்காமல் உட்கார்ந்தது.

ஹைட்ராலிக் லைனில் காற்று எடுத்த பிறகு பெடலைத் தராசு வைத்து அளந்தேன். பழைய கிளட்ச்சில் 11 கிலோ, இப்போது 16.5. கால் உடனே உணர்கிறது, ஆனால் பயணம் சீராக இருக்கிறது. பின் சக்கரங்களைத் தூக்கி, முதல் கியரில் பெடலை மெல்ல அமுக்கிக்கொண்டே போய், சக்கரம் சுலபமாகச் சுற்ற ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்தேன். அதற்கு மேல் பெடல் இன்னும் 35 மி.மீ. போனது. அவ்வளவு தேவையில்லை. டயாஃப்ரம் விரல்களை வீணாக வளைப்பதுதான் மிச்சம், அதனால் பெடலுக்குக் கீழே ஒரு தடுப்பு போல்ட் வைத்து 15 மி.மீ.-க்குக் குறைத்தேன்.

பிறகு 800 கி.மீ. பொறுமை. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் போகும் தூரம் இதில் சேராது, ஏனென்றால் அங்கே பிளேட் உராய்வதே இல்லை. நின்று கிளம்பி, நின்று கிளம்பி ஓடும் நகர ஓட்டம்தான் கணக்கு. பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, குறைந்த அளவிலேயே பூட்டி வைத்தேன், இல்லையென்றால் கால் சும்மா இருக்காது. முதல் நாட்களில் லேசான வாசனை வந்து, பிறகு போய்விட்டது. உதறல் அறவே இல்லை, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதும்.

டைனோ முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது ஸ்டார்ட் செய்வது நியூட்ரலில், பெடலைத் தொடாமல். ஆயில் பிரஷர் ஏறாத அந்த முதல் நொடிகளில் கனமான கவரின் விசையைத் த்ரஸ்ட் பேரிங்கில் போட வேண்டாமே. சிக்னலில் பெடலை மிதித்துக்கொண்டு நிற்பதையும் விட்டாயிற்று. கிராங்கின் முன்பின் ஆட்டத்தை ஆயில் மாற்றும்போதெல்லாம் முன்பக்கப் புல்லியில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறேன், கடைசியாகவும் 0.13-தான். 0.25-ஐ நெருங்கினால் கவரைக் கழற்றிவிட்டு ட்வின் பிளேட்டுக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை செய்தால் வண்டியில் இருக்கும் ஃப்ளைவீலையே நம்பியிருக்காமல் உபரியாக ஒன்று வாங்கி, முன்கூட்டியே கிரைண்ட் செய்து, படியை அளந்து வைத்துக்கொள்வேன். பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைந்த நேரத்தில் வண்டி ஜாக் ஸ்டாண்டில் சும்மா நின்றது. கழற்றிய பக் பிளேட்டை டிராக்கில் மட்டும் ஓட்டுகிற நண்பர் வாங்கிக்கொண்டார். அவர் கூடவே பள்ளம் விழாத ஒரு ஃப்ளைவீலையும் தேடிக்கொண்டிருக்கிறார்.